புள்ளி இல்லாத பென்னி

அத்தியாயம் ஒன்பது

நான்கு மணிக்கு விசாரணை. அச்சகத்தின் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்தைந்து.

"அது பத்து நிமிஷம் ஸ்லோ," என்றார் அச்சகக்காரர், காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

"நல்லதாப் போச்சு," என்றான் மைத்துனன். "கையில இருந்ததே ரெண்டே கால் மணி நேரம். அதுலயும் பத்து நிமிஷத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

துப்பறிவாளர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல. மனைவியின் தம்பியை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்ட இந்த ஆறு வருடங்களில் பேச்சு முழுவதையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டார் என்றே ஆபீஸ் கட்டடத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

வழக்கு சின்னது. அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. பெரிய வழக்குகளில் யாராவது ஒருவர் பொய் சொல்வார். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம். இதில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கூடக் கிடைக்கவில்லை.

நர்ஸம்மா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்மணி உண்மையில் நர்ஸ் இல்லை. வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றின் ஊழியர். இருபத்திரண்டு வருட வேலை. கடைசி மூன்று வருடமாகப் பென்னிக்காரர் வீடு. சர்க்கரை நோயால் காலில் புண் வைத்துப்போன கிழவர். பழைய பிரிட்டிஷ் பென்னிகளைச் சேர்ப்பதும், சேர்த்ததைப் பற்றிப் பேசுவதுமே அவருடைய உலகம். நாணயச் சங்கத்துக்கு முப்பது வருடமாக அவர்தான் தலைவர்.

உள்ளங்கையில் பாதியை மறைக்கும் பழுப்பு வெண்கலக் காசுகள் அவை. ஒரு பக்கம் ராணியோ ராஜாவோ. மறுபக்கம் கேடயமும் சூலமும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம். அவளைச் சுற்றி 'ஒன் பென்னி' என்ற ஆங்கில எழுத்துகள். கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய காசுகளில் எங்காவது ஒரு அச்சு பழுதாகியிருக்கும். அந்தப் பழுதுதான் இவர்களுக்குப் பொக்கிஷம். 1897ஆம் வருடத்துப் பென்னிகளில் வெகு சிலவற்றில், 'ஒன்' என்பதன் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே ஒரு சின்னப் புள்ளி விழுந்திருக்கும். பென்னிக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது. இந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

பத்து நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை, அவர் காசு வைக்கும் தட்டை உருவிப் பார்த்தபோது காசு இருந்தது, வருடமும் சரியாக இருந்தது. புள்ளி இல்லை. அவருடையதை எடுத்துவிட்டு அதே வருடத்துச் சாதாரணக் காசு ஒன்றை யாரோ வைத்துவிட்டார்கள் என்றார். வீட்டுக்கு வந்துபோகும் ஒரே ஆள் நர்ஸம்மா. போலீஸ் அவள் வீட்டை அரிசி டப்பா வரை கொட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனது. நிறுவனம் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த அட்டை இல்லாமல் எந்த வீட்டு வாசலையும் அவள் மிதிக்க முடியாது. அது திரும்பி வருமா வராதா என்பதை இன்று நான்கு மணிக்குச் சொல்வார்கள். அவளுக்காகத்தான் துப்பறிவாளர் இறங்கியிருந்தார்.

"கிடைச்சுது," என்றார் அச்சகக்காரர்.

இந்த அச்சகத்தில் அச்சான, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நாணயச் சங்க இதழ். அதன் நடுப்பக்கத்துக்காக எடுத்த அசல் புகைப்படம் ஒரு உறையில். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிய, பென்னிக்காரரின் அந்தப் புள்ளிப் பென்னி.

துப்பறிவாளர் லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். அவர் தேடியது எளிய விஷயம். மனிதர்களுக்கு மச்சம் மாதிரி, புழங்கிய காசுக்கும் அடையாளங்கள் உண்டு. பழைய காசின் தழும்புகள் இன்று தட்டில் இருக்கும் காசில் இல்லையென்றால், தேய்மானத்திலும் நிறத்திலும் அச்சு அசலாக இன்னொன்றைத் தேடிப் பிடித்து வைத்தவன் காசு தெரிந்தவன் என்று ஆகிவிடும். நர்ஸம்மாவுக்குப் பென்னியும் தெரியாது, பழுதும் தெரியாது.

விளிம்பில், கடிகாரத்தில் ஏழு இருக்குமிடத்தில், ஒரு பொடி வெட்டு. கேடயத்தின் குறுக்கே முடி மாதிரி ஒரு கீறல். போதும். ஆனாலும் அவர் லென்ஸை விலக்கவில்லை.

"நாலு நிமிஷம் ஆச்சு," என்று அச்சகக்காரரிடம் சொன்னான் மைத்துனன். "எங்க அக்கா கல்யாண ஆல்பத்தைக்கூட இவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்ல."

"இந்தப் படத்துல மை வெச்சு எதையாவது திருத்தினீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

அச்சகக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் ஏங்க திருத்தப் போறேன்? பென்னிக்காரர் என் தோள் மேலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. 'புள்ளி தெரியுதா, புள்ளி தெரியுதா'ன்னு உயிரை எடுத்துட்டாரு. இருக்கறதை இருக்கற மாதிரி போட்டேன்."

"எழுத்தெல்லாம் விளிம்புல மினுக்குது. புள்ளி மட்டும் மினுக்கல."

"உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்," என்றான் மைத்துனன்.

துப்பறிவாளர் படத்தை உறைக்குள் போட்டார். அவருக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. பாதை தெரியும்போது வருவது அது. போய்ச் சேருமிடம் பிடிக்குமா என்பது வேறு.

*

பென்னிக்காரரின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். இடது காலின் கட்டு அழுக்காகி, ஓரத்தில் மஞ்சள் கசிந்திருந்தது.

"புது ஆளு அனுப்பலையா?" என்று கேட்டான் மைத்துனன்.

"அனுப்பறேன், அனுப்பறேன்கறாங்க. உள்ள வாங்க. முதல்ல கை கழுவுங்க ரெண்டு பேரும். சோப்புப் போட்டு. ஈரம் இல்லாமத் துடைக்கணும்."

திரைச்சீலைகள் இழுத்து மூடிய அறை. நடுவில் மேஜை, கழுத்து வளைந்த விளக்கு. சுவரோரம் ஆளுயரத்துக்கு ஒரு மர அலமாரி. விரல் கனமுள்ள தட்டுகள் நூறாவது இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் வரிசையாக வட்டக் குழிகள். குழிக்குள் பச்சைக் கம்பளித் துணி. அதன் மேல் வட்டமாக வெட்டிய காகிதச் சீட்டு. சீட்டின் மேல் காசு. வருடமும் வகையும் சீட்டில் எறும்பு எழுத்தில் எழுதியிருந்தன.

"திருடனைப் பிடிக்க இந்தக் காசையே ஒரு தடவை பார்க்கணும்னு சொன்னீங்க. பாருங்க," என்று தட்டை உருவி மேஜையில் வைத்தார் கிழவர். "மாத்தி வெச்ச காசு இதுதான். பதினெட்டாவது குழி."

மைத்துனன் விரலை நீட்டினான்.

"விளிம்பைப் பிடி, தம்பி! முகத்தைத் தொடாதே!"

"தெரியாமப் போச்சுங்க. என் பையன் பொறந்தப்பக்கூட இவ்வளவு ஜாக்கிரதையாத் தூக்கச் சொல்லல."

"விரல் ரேகை வெண்கலத்துல அப்படியே பதிஞ்சுடும். துடைச்சாலும் கெட்டுச்சு, தேய்ச்சாலும் கெட்டுச்சு. சங்கத்துல புதுசா யார் சேர்ந்தாலும் நான் முதல்ல சொல்றதே அதுதான். காசைச் சுத்தம் பண்றவன் கொலைகாரன்."

துப்பறிவாளர் காசை விளக்கின் கீழ் வைத்துப் படத்தைப் பக்கத்தில் சாய்த்தார். ஏழு மணி இடத்தில் பொடி வெட்டு. திருப்பாமலேயே கேடயத்தைப் பார்த்தார். முடி மாதிரி கீறல். படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, அதே சாய்வில்.

வழக்கை எடுத்தபோது அவர் எதிர்பார்த்தது இது இல்லை. அச்சகத்திலிருந்து வரும் வழியெல்லாம் பயந்தது இதுதான்.

நகத்தால் சீட்டை நெம்பி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். காகிதத்தின் நடுவே காசு அளவுக்கு ஒரு வட்டம். அதனூடே வெளிச்சம் கசிந்தது. பக்கத்துக் குழியின் சீட்டை எடுத்துப் பார்த்தார். உலர்ந்த காகிதம். அதற்கடுத்ததும் அப்படியே.

"அத்தான், ஏதாவது சொல்லுங்க," என்றான் மைத்துனன் மெதுவாக. "ஐயாவுக்கு மூச்சு வாங்குது."

"ஐயா, இது உங்க காசுதான்."

"என்ன உளர்றீங்க? புள்ளி எங்க?"

"விழுந்துடுச்சு."

"உலோகம் எப்படிய்யா விழும்? அச்சுல இருந்து காசோட காசா வந்தது அது!"

"உலோகம் விழாது. அதனாலதான் சொல்றேன். அது உலோகம் இல்ல. யாரோ எப்பவோ கையாண்ட அழுக்கு, கல்லா இறுகி அந்த இடத்துல உக்காந்திருந்தது. படத்துலயே அது மினுக்கல." சீட்டை மேஜையில் வைத்தார். "காசு எண்ணெய்ல ஊறியிருக்கு. ஊறினதுல கழண்டுடுச்சு. காசு தெரிஞ்ச திருடன் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து வைக்க மாட்டான். காசு தெரியாதவனுக்கு எண்ணெயே தோணாது."

கிழவரின் பார்வை சீட்டை விட்டு நகரவில்லை.

"அப்ப அவதான் ஏதோ பண்ணியிருக்கா," என்றார் கடைசியில். "அவதானே அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெச்சா."

துப்பறிவாளர் சீட்டையும் அதன் மேல் காசையும் குழிக்குள் திரும்ப வைத்தார்.

"நான் எண்ணெய்னுதான் சொன்னேன்," என்றார் துப்பறிவாளர். "கிண்ணம்னு சொல்லலையே."

ஊன்றுகோல் நழுவித் தரையில் விழுந்தது. மைத்துனன் குனிந்து எடுத்தான். திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பச்சை பிடிச்சிருந்தது," என்றார் கிழவர். குரல் யாரோ வேறு ஒருவருடையது மாதிரி இருந்தது. "ராணியோட முக்காட்டு ஓரத்துல. விட்டா காசையே தின்னுடும். ஆலிவ் எண்ணெய்ல போட்டா தானா விட்டுப்போகும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, நானும் சொல்லல. மூணு நாள் ஊற வெச்சேன். எடுத்து, தலைப்பக்கம் மட்டும் லென்ஸ்ல பார்த்தேன். பச்சை போயிடுச்சு. ஒத்தி எடுத்து வெச்சுட்டேன். புள்ளிப்பக்கம் திருப்பிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. முப்பது வருஷமா இருக்கறது எங்க போயிடப் போகுதுன்னு..."

"சனிக்கிழமை திருப்பினீங்க."

"நிஜமாவே திருட்டுன்னுதான் நெனச்சேன். சத்தியமா. போன் பண்ணிட்டேன், போலீஸும் கிளம்பிட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சீட்டை எடுத்துப் பார்த்தேன், இப்ப நீங்க பார்த்த மாதிரியே."

"ஒரு மணி நேரம்," என்றான் மைத்துனன். "ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் இன்னொரு போன் பண்ணியிருக்கலாமே, ஐயா."

"பண்ணி என்னன்னு சொல்ல? கொலைகாரன் நான்தான்னா? அதுகூடச் சொல்லிடலாம், தம்பி. அது வெறும் அழுக்குன்னு எப்படிச் சொல்ல? வெளியூர்ல இருந்து அதைப் பார்க்கன்னே ஆளுங்க வந்திருக்காங்க. லென்ஸை அவங்க கையில குடுத்து, பக்கத்துல நின்னு நான் விளக்கம் சொல்லியிருக்கேன். அழுக்குக்கு விளக்கம்." அவர் தட்டை மெல்ல உள்ளே தள்ளினார். முழுவதும் உள்ளே போனதும் முகம் இறுகிவிட்டது. "நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"இந்தப் படத்தை நாலு மணிக்கு அவங்க முன்னால வைப்பேன்."

"வைங்க. அதே காசுதான்னு ஆயிடும். திருட்டு இல்லைன்னு ஆயிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவ ஊசி முனையால சுரண்டிக் கழுவினா, புள்ளி போயிடுச்சுன்னு சொல்வேன். கிண்ணத்தைக் கழுவினதை அவளே ஒத்துக்குவா, பொய் சொல்லத் தெரியாதவ. அது அழுக்கா உலோகமான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நிபுணரைத்தான் கேக்கணும். இந்த ஊர்ல அதைச் சொல்லக்கூடிய நிபுணர் யாரு?"

துப்பறிவாளர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"நான் கெட்டவன் இல்ல," என்றார் கிழவர், கதவு வரை வந்து. "அவ கட்டினா கட்டு நாலு நாளைக்கு நகராது. அப்படி ஒரு கை. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன்."

"நாலு மணிக்குச் சொல்லுங்களேன்," என்றான் மைத்துனன்.

கதவு மூடிக்கொண்டது.

*

நிறுவனத்தின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேல். மாடி நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு. கடைசி நாற்காலியில் நர்ஸம்மா, வேலைக்குப் போகும் வெளிர் நீலச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தாள். அட்டை குத்தும் இடத்தில் துணி மட்டும் கொஞ்சம் வெளுக்காமல் இருந்தது.

மணி மூன்று நாற்பத்தைந்து.

"கண்டுபிடிச்சுட்டீங்களா, சார்?"

"கண்டுபிடிச்சுட்டோம்," என்றார் துப்பறிவாளர். இந்த வார்த்தையை இவ்வளவு தயங்கி அவர் சொன்னதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு அது நீண்ட பேச்சு. மைத்துனன் குறுக்கே புகவில்லை. அவள் மடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு பெருசா எடுத்திருக்காங்களே," என்றாள். "நேர்ல பார்த்தா ஒண்ணுமே தெரியாது."

"அந்தக் கிண்ணத்தை நீங்கதான் கழுவினீங்களா?"

"ஆமா. மருந்து மேஜையில எண்ணெய்க் கிண்ணம் கிடந்தா விட்டுட்டா போவேன்? அது புண்ணு இருக்கற வீடு, சார்." சட்டென்று நிறுத்தினாள். அவள் விரல்கள் தாமாக ஒன்றோடொன்று உரசின. "அடியில ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. கருப்பா. கடுகுல பாதி கூட இருக்காது. தண்ணிக்குப் போகல. விரல் நுனியால தேய்ச்சேன்."

நடையில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அதுதானா?" என்று கேட்டாள்.

"அதுதான்."

உலகத்திலேயே அந்தப் புள்ளியைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். அது அழுக்குதான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியத்தைச் சாக்கடைக்கு அனுப்பியவளும் அவள். அவளுடைய சுத்தம்தான் அவளுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டார் துப்பறிவாளர். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

"கிண்ணத்தைப் பத்திக் கேட்டா, ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்கக்கா," என்றான் மைத்துனன். "பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் சொல்றாங்க."

"ஞாபகம் இருக்கே, தம்பி."

"அதுதானே கஷ்டம்."

துப்பறிவாளர் இரண்டு வழிகளையும் அவள் முன் வைத்தார். படத்தைக் கொடுத்தால் திருட்டுப் பழி இன்றே போய்விடும். ஆனால் கிழவரின் பேச்சை நம்பி, நோயாளியின் பொருளைக் கெடுத்தவள் என்று அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்கும் போக முடியாது, ஒருவேளை ஏதாவது ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போகலாம். படத்தைக் கொடுக்காவிட்டால் திருட்டு நிரூபணம் ஆகாது, பொய்யென்றும் ஆகாது. போலீஸ் கோப்பு மூடும்வரை அட்டை அவர்கள் மேஜைக்குள் இருக்கும். கோப்பு எப்போது மூடும் என்று போலீஸுக்கே தெரியாது.

"அவரைத் திருப்பியும் கேட்டுப் பார்ப்பேன்," என்றார். "மேல் விசாரணை கேக்கலாம். வெளியூர் நிபுணர் யாரையாவது..."

"எத்தனை நாள் ஆகும்?"

அவர் உண்மையைச் சொன்னார். "தெரியலம்மா. அழுக்கு இருந்ததுக்கு இப்ப எந்தத் தடயமும் இல்ல. நிபுணர் வந்தாலும் வெறும் இடத்தைத்தான் பார்ப்பாரு."

அவள் படத்தை உறைக்குள் போட்டாள். உறையின் வாயை மடித்து, மடிப்பை நகத்தால் இரண்டு முறை நீவி, அவர் கையில் கொடுத்தாள்.

"வேண்டாம், சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. திருடின்னு பேரு நிக்கும்."

"நிக்கட்டும். நான் திருடினேன்னு சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டா, நான் பார்த்துக்கிட்ட வீட்டு ஆளுங்க நம்ப மாட்டாங்க. நானும் நம்ப மாட்டேன்." தன் விரல் நுனியைப் பார்த்தாள். "கழுவறப்ப கெடுத்துட்டேன்னு சொன்னா நானே நம்பிடுவேன், சார். உடம்பும் புண்ணும் பாத்திரமும் கழுவித்தான் இத்தனை வருஷம் ஓடிச்சு. அந்த நினைப்போட என்னால இன்னொரு உடம்பைத் தொட முடியாது."

"உங்க மேல தப்பே இல்லக்கா," என்றான் மைத்துனன். "அது அழுக்கு. அழுக்கைத்தான் கழுவினீங்க."

"நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க. அது போதும்."

அவளுடைய குரலில் அது போதுமானதாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. மேனேஜரம்மா தாளைப் பார்த்து, "முன்னூத்திப் பன்னெண்டு," என்றாள். அட்டையில் இருந்த எண். நர்ஸம்மா எழுந்து சீருடையின் சுருக்கத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு முழுவதும் சாத்தவில்லை.

உள்ளே பேச்சு நீளவில்லை. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு ஆண்குரல் கேட்டது. "நான் எடுக்கலைங்க," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காகிதம் புரளும் சத்தம்.

மேனேஜரம்மா மறுபடி வாசலுக்கு வந்தாள். கடுமையான முகம் இல்லை அது; களைத்த முகம். இவர்களிடம் ஏதாவது இருக்காதா என்று அவளுக்கும் ஒரு நப்பாசை இருந்திருக்கவேண்டும்.

"நீங்கதானே இவங்க தரப்புல துப்பறிஞ்சவர்? காட்டறதுக்கு ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

திறந்த கதவின் இடைவெளியில் நர்ஸம்மாவின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை. மேஜைமேல் வைத்திருந்த இரண்டு கைகளும் அசையாமல் காத்திருந்தன.

துப்பறிவாளரின் உறை பிடித்த கை ஒரு முறை உயர்ந்தது. மைத்துனன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க," என்றார் துப்பறிவாளர். "ஒண்ணும் கிடைக்கல."

மேனேஜரம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மேஜை இழுப்பறை ஒன்று திறந்தது. ஏதோ மெல்லிய பிளாஸ்டிக் பொருள் அதற்குள் விழுந்தது. இழுப்பறை மூடும் சத்தம் நடையின் இந்தக் கோடி வரை தெளிவாகக் கேட்டது.